ஆறு மாதம் காத்திருந்த எலும்பு

நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன அறை, அறைக்குள் ஒரு ஃப்ரீசர். அதன் சாவி என்னிடம்தான் இருக்கும். அதற்குள் மனித எலும்பு இருக்கிறது என்று கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் மாடிப் பிளட்டில் ஒருவருக்கும் நான் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் மூன்றாம் மாடி அக்கா வெள்ளிக்கிழமைகளில் அனுப்பும் புட்டு நின்றுபோயிருக்கும். "என்ன வேலை பிள்ளை?" என்று கேட்டால் "லாப்" என்பேன். அதற்குமேல் ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. யாழ்ப்பாணத்துக்குப் பாதை இல்லை. அம்மா அங்கே இருந்தா. நானும் தம்பியும் இங்கே. இளம் பெடியனை அங்கே வைத்திருந்தால் இயக்கம் சண்டைக்குப் பிடிக்கும், இங்கே வைத்திருந்தால் ஆமி பிடிக்கும். இரண்டில் எது குறைந்த ஆபத்து என்று யோசித்துத்தான் அம்மா அவனை என்னிடம் அனுப்பியிருந்தா. அவன் கணக்கியல் படித்தான். காலி வீதியில் இருந்த ரியூசன் கொட்டில்களில் பாதிக்கு அவனைத் தெரியும்.

என் வேலையைச் சொல்கிறேன். இடுப்பு மூட்டு தேய்ந்தவர்களுக்குச் செயற்கை மூட்டு வைக்கும்போது தொடையெலும்பின் தலையை வெட்டி எடுத்துவிடுவார்கள். சின்ன ஆரஞ்சுத் தோடம்பழம் அளவு இருக்கும். முன்பெல்லாம் அதைக் குப்பையில் போட்டார்கள். பெரிய டொக்டர் வந்தபிறகு, அது இன்னொருவருக்கு உதவும் என்று சேர்த்துவைக்கத் தொடங்கினோம். எலும்பு அரித்துப்போன இடத்தில் அதைத் துண்டு துண்டாக நறுக்கி அடைத்தால், காலப்போக்கில் அந்த ஆளின் சொந்த எலும்பு அதைப் பிடித்துக்கொண்டு வளரும்.

ஆனால் கொடுத்தவரின் நோயும் சேர்ந்து போய்விடக் கூடாது. அதுதான் எங்கள் பெரிய பயம். குளிர் கிருமியைக் கொல்லாது. கதிர் பாய்ச்சிச் சுத்தம் செய்யும் வசதி எங்களுக்கு அப்போது கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் அளவு கூடினால் எலும்பின் பலம் போய்விடும். ஆகவே எங்களிடம் இருந்த ஒரே வழி, சோதிப்பதும் காத்திருப்பதும். எலும்பு எடுத்த அன்று ஒரு தரம் இரத்தம் எடுப்போம். ஆறு மாதம் கழித்து அதே ஆளிடம் இன்னொரு தரம். கிருமி புகுந்த புதிதில் இரத்தத்தில் தெரியாது, பிறகுதான் தெரியும். இரண்டாவது இரத்தமும் சுத்தம் என்று வரும்வரை அந்த எலும்பை ஒருவரும் தொடக்கூடாது. இந்த விதியில் பெரிய டொக்டர் மகா கடுமை. நானும் கடுமைதான். சத்திரசிகிச்சைக் கூடத்துத் தாதிகள் என்னை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியும். நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

தம்பிக்கு முழங்காலில் நோ, வலி என்று தொடங்கியது. பஸ்ஸுக்கு ஓடியதில் பிரண்டிருக்கும் என்று நினைத்து நான் எண்ணெய் பூசிவிட்டேன். நோ போகவில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்புக்குள் ஒரு கட்டி. பரவும் புற்றுநோய் அல்ல, ஆனால் எலும்பை உள்ளேயிருந்து தின்னும் சாதி. வெளியே முட்டைக்கோது மாதிரி ஒரு சுவர்தான் மிஞ்சியிருந்தது. அந்தப் படத்தை வெளிச்சப் பலகையில் திரும்பத் திரும்ப மாட்டிப் பார்த்தேன்.

பெரிய டொக்டர் தம்பியை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னார். கட்டியைச் சுரண்டி எடுத்துவிடலாம். அந்தக் குழியை அடைக்க இவனுடைய இடுப்பெலும்பு மட்டும் போதாது. சீமெந்து மாதிரி ஒரு கலவையால் அடைக்கலாம், ஆனால் மூட்டுக்கு இவ்வளவு கிட்ட, இந்த வயதில், அது கொஞ்ச வருடத்தில் மூட்டைத் தின்றுவிடும். எங்கள் ஃப்ரீசர் வங்கியிலிருந்து எலும்பு கிடைத்தால் அதுதான் திறம். "கொஞ்சக் கிழமை, மூன்று நாலு வாரம், காத்திருப்பாயா?" என்று கேட்டார். "காத்திருக்கிறேன்" என்றான் தம்பி. அதுவரை அந்தக் காலை நிலத்தில் ஊன்றவே கூடாது என்று சொல்லி இரண்டு ஊன்றுகோல்களைக் கொடுத்தார்கள். சுவர் உடைந்தால் கட்டி வெளியே சிதறிவிடும், பிறகு காலைக் காப்பாற்ற முடியாது என்பதையும் அவர் ஒளிக்காமல் சொன்னார்.

ஊன்றுகோலோடு ஒரு தமிழ்ப் பெடியன் கொழும்பில் நடப்பது என்றால் என்னவென்று அந்தக் காலத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு செக்பொயிண்டிலும் ஒரே கேள்வி. எங்கே காயம் பட்டது, எந்தச் சண்டையில்? தம்பி எக்ஸ்ரே படத்தைப் பெரிய கவரில் போட்டுக் கொண்டு திரிந்தான். சென்ட்ரிக்காரனுக்கு முன்னால் அதை வெயிலில் உயர்த்திப் பிடித்து, கட்டி இருக்கிற இடத்தை விரலால் காட்டுவான். "ரியூசன் வாத்திமாரை விட நான் நல்லாப் படிப்பிக்கிறன் அக்கா" என்று எனக்குச் சொல்லிச் சிரிப்பான்.

இனி ஃப்ரீசருக்குள் என்ன இருந்தது என்று சொல்ல வேண்டும். பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு எலும்பின் சொந்தக்காரருக்கு இரண்டாவது இரத்தத்தில் ஈரலைத் தாக்கும் செங்கமாரிக் கிருமி இருந்தது, அதை எரித்துவிட்டோம். இன்னும் இரண்டு, கரண்ட் வெட்டின காலத்தில் ஜெனரேற்றர் கழுத்தறுத்ததால் பழுதாய்ப் போயின. மிச்சம் ஒன்றுதான். நல்ல பெரிய எலும்பு. ஆறு மாதம் முடிந்திருந்தது. இரண்டாவது இரத்தம் ஒன்றுதான் பாக்கி.

அதைக் கொடுத்தவரை எனக்கு நல்ல ஞாபகம். யாழ்ப்பாணத்தில் படிப்பித்து ஓய்வுபெற்ற ஒரு ரீச்சர். இடுப்பு மூட்டு மாற்றுவதற்காகக் கப்பலேறி வந்தவ. வார்டில் தமிழ் தெரிந்த ஆள் நான் மட்டும் என்பதால் சம்மதம் கேட்க என்னைத்தான் அனுப்பினார்கள்.

"வெட்டி எறியிற எலும்புதானே பிள்ளை, எனக்கு இனி என்னத்துக்கு?" என்றா. "ஆருக்கெண்டாலும் உதவுமெண்டா எடுங்கோ."

"ஆறு மாசத்தால ஆளனுப்புவம் ரீச்சர். ஒருக்கா வந்து இரத்தம் குடுக்கவேணும்."

"அனுப்புங்கோ, வாறன். நான் எங்க ஓடப்போறன், இந்தக் காலோட."

கொடுத்தவருக்கு வாங்கியவரைத் தெரியக் கூடாது, வாங்கியவருக்குக் கொடுத்தவரைத் தெரியக் கூடாது. அதுவும் விதி. இருவரையும் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

ரீச்சரின் விலாசம் கொட்டாஞ்சேனை என்று வார்டில் பதிந்திருந்தது. ஆனால் அவ வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கியிருப்பதாகக் கதையோடு கதையாக என்னிடம் சொன்னது ஞாபகம். இதில் அதிசயம் ஒன்றுமில்லை. லொட்ஜில் இருந்தவர்கள் ஒருவரும் லொட்ஜ் விலாசம் கொடுக்கமாட்டார்கள். லொட்ஜ் என்றாலே பொலிஸுக்குச் சந்தேகம். கொழும்பில் வீடு வாசலோடு இருக்கிற யாராவது தெரிந்தவர்களின் விலாசத்தைத்தான் சொல்வார்கள். பாங்குக்கும் அதுதான், ஆஸ்பத்திரிக்கும் அதுதான். ஆகவே முதலில் லொட்ஜுக்குப் போனேன். மனேஜர் தலையைத் தூக்காமலே சொன்னான், "போன மாசம் செக்கிங் வந்து எல்லாரையும் அள்ளிக்கொண்டு போனவங்கள். விட்ட பிறகு திரும்பி வந்த ஆக்கள் கொஞ்சம்தான். உங்கட ரீச்சர் வரேல்லை."

மற்ற லொட்ஜுகளிலும் ஏறி இறங்கினேன். ஒழுங்கை ஒழுங்கையாக, சந்து சந்தாகக் கால் கடுக்க நடந்தேன். யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு, கொட்டாஞ்சேனைக்கு பஸ் ஏறினேன்.

கோயில் மணி அடிக்கிற தூரத்தில், நெருக்கமான ஒழுங்கை ஒன்றில் அந்த வீடு. வாசல் நிலைக்கு மேலே யேசுவின் படம், அதன் கீழே சிவப்புப் பல்ப். துறைமுகத்தில் வேலை செய்கிற மனிதர் ஒருவர் கதவைத் திறந்தார். முழுதாகத் திறக்கவில்லை, சங்கிலி போட்டபடி ஒரு சாண் அளவுக்கு.

"யாரு வேணும்?"

ரீச்சரின் பெயரைச் சொன்னேன். அந்த முகத்தில் ஒரு திரை விழுந்ததைக் கண்டேன்.

"அப்புடி யாரும் இங்க இல்ல."

"ஆஸ்பத்திரியிலயிருந்து வாறன். ஒரு இரத்தப் பரிசோதனை, வேற ஒண்டுமில்லை." என் அடையாள அட்டையை எடுத்து நீட்டினேன்.

"இல்லன்னு சொன்னேனே மிஸ். அந்தப் பேருல எங்களுக்கு யாரையும் தெரியாது."

அவருக்குப் பின்னால் மனைவி நின்றா. கையில் பிள்ளை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றா. "அவவைக் கண்டா ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லுங்கோ, எலும்பு குடுத்ததுக்கு இரத்தம் பாக்கவேணும்" என்று அந்த ஒரு சாண் இடைவெளிக்குள் சொல்லி முடிக்குமுன்னரே கதவு சாத்தப்பட்டது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கதவை உதைத்திருப்பேன். பொய் என்று பச்சையாகத் தெரிந்தது. ஆனால் அந்த மனிதரை எப்படி ஏசுவது? தமிழ் கதைக்கிற ஒரு பெண் அட்டையை நீட்டிக்கொண்டு வடக்கிலிருந்து வந்த ஒருவரைப் பெயர் சொல்லித் தேடினால் யார் நம்புவார்கள்? காட்டிக்கொடுக்கிறவர்களும் எங்கள் ஆட்கள்தானே. பொலிஸில் பதியாத ஆளை வீட்டில் வைத்திருந்தால் அந்தக் குடும்பம் முழுக்க உள்ளே போகும். எங்கள் பிளட்டில் தம்பியைக் கேட்டு முகம் தெரியாத யாராவது வந்தால் நானும் அதைத்தான் சொல்வேன். "தம்பியோ? எனக்குத் தம்பியே இல்லை."

இன்னொரு நாளும் போனேன். சிவப்புப் பல்ப் எரிந்தது. உள்ளே ரேடியோ கேட்டது. தட்டினேன். ரேடியோ நின்றது. கதவு திறக்கவில்லை. யாருக்காக அந்த இரத்தம் வேண்டுமென்று கத்திச் சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. வாங்குகிறவரைப் பற்றி மூச்சு விடக் கூடாதே. விழுங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

அடுத்த நாள் பெரிய டொக்டரின் அறைக்குள் போய் வாய்விட்டுக் கேட்டேன். முதல் இரத்தம் சுத்தம். ஐம்பத்தெட்டு வயது ரீச்சர், எந்தக் கெட்ட பழக்கமும் இல்லாத மனுசி. இந்த ஒரு தரம் விட்டுவிட முடியாதா? சிங்களத்தில் கேட்டேன், பிறகு ஆங்கிலத்தில் கேட்டேன். அவருக்குத் தமிழ் தெரிந்திருந்தால் அழுதே கேட்டிருப்பேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். வெளிநாட்டில் படிக்கும்போது, எலும்பு வாங்கி அதோடு நோயையும் வாங்கிய ஒரு பெடியனைப் பார்த்ததாகச் சொன்னார். "நங்கி, கால் இல்லாமல் ஆட்கள் வாழ்கிறார்கள்" என்றார், தங்கச்சி என்று கூப்பிட்டு. நியாயமான வார்த்தை. அந்த வார்த்தைக்காக அவரை நான் எத்தனையோ காலம் வெறுத்தேன். இன்றைக்கும் முழுதாக மன்னித்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். அந்தக் கிழமை முடியும்வரை பார்ப்போம், இல்லையென்றால் சீமெந்தால் அடைப்போம் என்று தீர்மானித்தார்.

வீட்டில் தம்பி கேட்டான், "அவிச்சுப் போட்டா என்ன அக்கா? கிருமி செத்துப்போமே."

"அவிச்சா எலும்பும் செத்துப்போம். சூப்புக்கோ கேக்கிறாய்?"

"நீ ஒரு விட்டுக்குடுக்காத ஆள்" என்று சொல்லிச் சிரித்தான். "ஆளைப் பிடிச்சிடுவாய். எனக்குத் தெரியும்."

ஆளைப் பிடிக்கவில்லை. அந்தக் கிழமையே எங்கள் ஒழுங்கையில் செக்கிங் வந்தது. விடிந்து பால்காரன் மணி அடித்துப் போன நேரம். ஆமி இரண்டு பக்கமும் மறித்துவிட்டு, எல்லோரையும் கீழே இறங்கச் சொன்னது. லிப்ற் வேலை செய்யவில்லை. தம்பி ஊன்றுகோல்களைக் கக்கத்தில் இடுக்கி, ஒரு காலில் தத்தித் தத்திப் படியிறங்கினான். ஆண்களை ஒரு வரிசையிலும் பெண்களை எதிர்ப்பக்கத்திலும் விட்டார்கள். எனக்கும் அவனுக்கும் இடையில் ஒரு ரோட்டு அகலம்தான்.

ஊன்றுகோல் உள்ளே துவாரமான குழாய். அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டுமென்று ஒரு சிப்பாய்க்குத் தோன்றியது. அவனுக்கும் தம்பியின் வயதுதான் இருக்கும். "பொல்ல பிம தியபன்" என்றான் சிங்களத்தில். ஊன்றுகோலைக் கீழே வை. தம்பி சட்டைக்குள் செருகியிருந்த எக்ஸ்ரே கவரை எடுக்கப் போனான். கை சட்டைக்குள் போனதைக் கண்டு சிப்பாய் பயந்து துவக்கைத் தூக்கினான். "அத் உஸ்ஸபன்!" கையை உயர்த்து.

"மல்லிட்ட அசனீபய், மாத்தயா" என்று நான் இந்தப் பக்கத்திலிருந்து கத்தினேன். தம்பிக்குச் சுகமில்லை ஐயா என்று. என் பக்கம் திரும்பிய இன்னொருவன் என்னை வாயை மூடச் சொன்னான். தம்பி இரண்டு ஊன்றுகோல்களையும் கீழே போட்டான். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினான். ஒற்றைக் காலில் நின்றான். எவ்வளவு நேரம்தான் ஒரு மனிதன் ஒற்றைக் காலில் நிற்பான்? ஆடினான். விழாமல் இருக்க மற்றக் காலை நிலத்தில் வைத்தான்.

அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கு.

அந்தச் சிப்பாயைப் பற்றி ஒன்று சொல்லாவிட்டால் அது பொய்யாகிவிடும். தம்பி விழுந்ததைக் கண்டு அவன்தான் ஓடிப்போய் ஓட்டோ பிடித்துவந்தான். தம்பியின் தலையைத் தாங்கி ஏற்றியதும் அவன்தான். "ஐயோ மல்லி, ஐயோ மல்லி" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். எனக்கு அவனைக் கொல்லவும் கையில்லை, நன்றி சொல்லவும் வாயில்லை.

சுவர் உடைந்து கட்டி தசைக்குள் சிதறியிருந்தது. பெரிய டொக்டர் இரண்டு நாள் யோசித்தார், இன்னும் இரண்டு டொக்டர்மாரைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு முழங்காலுக்கு மேலே வெட்டினார். சம்மதக் கையெழுத்தை அம்மா போட்டிருக்க வேண்டும். அம்மாவுக்கு யார் சொல்வது, எந்த வழியால் சொல்வது? தம்பி தானே போட்டான்.

அதற்கடுத்த கிழமை, நான் அறைக்குள் இருந்தபோது வாசலில் யாரோ இருமினார்கள். நிமிர்ந்து பார்த்தேன். ரீச்சர். பொல்லு ஊன்றிக்கொண்டு, குளித்து, திருநீறு பூசி, நல்ல சேலை கட்டிக்கொண்டு நின்றா. பக்கத்தில் கொட்டாஞ்சேனை வீட்டு மனைவி. அவ தலையைக் குனிந்தபடி நின்றா.

"குறை நினைக்காதையுங்கோ பிள்ளை" என்றா ரீச்சர். "லொட்ஜில பிடிச்சு விட்ட பிறகு இவயின்ர வீட்டிலதான் இருக்கிறன். இவ என்னட்டப் படிச்ச பிள்ளை. நீங்கள் வந்தண்டைக்கு நான் உள்ளறையிலதான் படுத்திருந்தனான். ஆரோ பொலிஸ் ஆக்கள் எண்டு இவவின்ர மனுசன் சொன்னவர். நேற்றுத்தான் இவ அழுதுகொண்டு வந்து உண்மையைச் சொன்னவ."

அந்தப் பெண், "அவருக்குத் தெரியாம வந்திருக்கிறம் மிஸ்" என்று மட்டும் சொன்னா.

நான் ரீச்சரை உட்காரவைத்துக் கையைக் கட்டி, நரம்பைத் தடவிப் பார்த்து ஊசியை ஏற்றினேன். இரத்தம் குழாய்க்குள் ஏறியது. இவ்வளவுதான் வேண்டியிருந்தது. ஒரு குழாய்.

"பிந்திப்போச்சோ பிள்ளை?"

"இல்லை ரீச்சர். பிந்தேல்லை."

"ஆருக்கெண்டாலும் உதவும்தானே?"

"ஓம் ரீச்சர். உதவும்."

ரீச்சருக்கு முகம் மலர்ந்துபோயிற்று. போகும்போது என் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனா. தம்பி இரண்டு மாடிக்கு மேலே வார்டில் படுத்திருந்தான்.

பரிசோதனை முடிவு வந்தது. சுத்தம். ஒரு பழுதும் இல்லை. பெரிய டொக்டர் முடிவைப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கிழமையே இடுப்பில் எலும்பு அரித்துப்போன ஒரு சின்னப் பெண்பிள்ளைக்கு அதை வைத்தார்கள். நான்தான் ஃப்ரீசரைத் திறந்து எடுத்தேன். மூன்று உறைக்குள் அது கல்லாய் உறைந்திருந்தது. கையுறைக்கு மேலாலும் அதன் குளிர் விரல்களில் ஏறியது. சத்திரசிகிச்சைக் கூடத்து வாசலில் கொடுத்துவிட்டு வந்து, அறைக்கதவைப் பூட்டிக்கொண்டு வயிறு நோக அழுதேன். அந்தப் பிள்ளை நடக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன், அது மெய். அதோடு சேர்த்து, அந்த எலும்பு இந்த உலகத்தில் இருந்திருக்கவே கூடாது என்றும் நினைத்தேன், அதுவும் மெய்.

பின்னேரம் தம்பிக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். வார்டில் தாதிகள் கதைத்ததை அவன் கேட்டிருந்தான். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சோற்றைக் குழைத்தேன்.

"அக்கா, எலும்பு குடுத்த ஆள் வந்ததாமே?"

"ஓம்."

"இரத்தம் பாத்தாச்சோ?"

"பாத்தாச்சு."

"என்னவாம்?"

பிந்தவில்லை என்று ரீச்சருக்கு அன்றைக்கு எவ்வளவு இலேசாகப் பொய் சொன்னவள் நான். இவனுக்கு அப்படி வரவில்லை. இத்தனை வருடமாக யாருக்கும் தவறான முடிவைச் சொல்லாத வாய், அதன் பழக்கத்துக்குச் சொல்லிவிட்டது.

"சுத்தம். ஒரு பழுதும் இல்லை."

தம்பி யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். வெளியே பார்வையாளர் நேரம் முடிகிறது என்று மணி அடித்தார்கள். அவன் திரும்பி என்னைப் பார்த்தபோது முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"பழுதெண்டு சொல்லியிருக்கலாமே அக்கா" என்றான். "எனக்கு அது போதும்."

குழைத்த சோறு கையிலேயே இருந்தது. எழும்பிப் போகலாம் என்று பார்த்தேன். அவனுடைய கால் நீட்டியிருந்திருக்க வேண்டிய இடத்தில்தான் நான் வசதியாக உட்கார்ந்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.